வீட்டை விரிவுபடுத்துமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில், செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிப் பேச ஒரு ரயில்வே குமாஸ்தா வந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் உணவும் உடையும் போல உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதது. பிழைப்பை நாடி மலை கடந்து வந்த நமக்கு, இங்கே உள்ள வீடே ஊருமாகி உறவுமாகி நிற்கிறது.

இன்று நம்மவர் இல்லங்களில் இடம் போதவில்லை என்னும் குறை எங்கும் கேட்கிறது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின், வீட்டிலிருந்தே கணிப்பொறி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தனியறை வேண்டியிருக்கிறது. படியேற இயலாத பெற்றோருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் கழிப்பிடமும் வேண்டியிருக்கின்றன. தேவை நியாயமானதே. அதை நிறைவேற்ற முனைவோருக்கு நான் கூற விரும்புவது ஒன்றே: ஓர் அறையைக் கூட்டுமுன், அதனால் எது குறைகிறது என்று கணக்கிடுங்கள். வரவு எழுதும் ஏட்டில் பற்றுக்கும் ஒரு பக்கம் உண்டன்றோ?

முதலில் நமது பாலக்காட்டை எடுத்துக்கொள்வோம். கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களின் பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவை நோக்கித் திண்ணை. அதன்பின் ரேழி, கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு என்று வீடு பின்னோக்கி நீண்டு செல்லும். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியிருத்தலால், பக்கவாட்டில் சாளரம் வைக்க வழியில்லை. எனவே அவ்வீட்டுக்கு ஒளியும் காற்றும் தருவது அந்த முற்றமே. இடம் வேண்டும் என்று முதலில் முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடிவிடுகிறோம். நூறு சதுர அடி கிடைக்கிறது. ஆனால் நண்பகலிலும் விளக்கெரிக்க நேர்கிறது. மின்விசிறி ஓயாமல் சுழல்கிறது. மலைத்தொடரின் கணவாயில் அமைந்து, மீனம் மேடம் மாதங்களில் அனலாய்க் கொதிக்கும் இவ்வூரில் இது எத்தகைய இழப்பு! இடம் வேண்டுவோர் முற்றத்தை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தை நோக்கி வளருங்கள். கணிப்பொறி வேலைக்குரிய சிற்றறையைக் கொல்லைக் கோடியில் தனியே கட்டினால், வீட்டுச் சந்தடியும் அங்கு எட்டாது.

இரண்டாவது, பொதுச் சுவர். மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ எழுப்பிய பழஞ்சுவர் ஓட்டுக்கூரையைத் தாங்கப் பிறந்தது. அதன்மேல் கான்கிரீட் மாடியை ஏற்றினால், விரிசல் நம் வீட்டோடு நில்லாது அண்டை வீட்டிலும் ஓடும். மாடி இன்றியமையாததாயின், தகுதிபெற்ற பொறியாளரைக் கொண்டு சுவரையும் கடைக்காலையும் சோதித்து, வேண்டுமாயின் தனித் தூண்கள் நிறுத்திப் பாரத்தை அவற்றின்மேல் இறக்குக. அண்டை வீட்டாரிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசிய பின்னரே கடப்பாரையை எடுங்கள். பழஞ்சுவரைப் பழுதுபார்ப்போர் சுண்ணாம்புப் பூச்சையே பூசுக. சிமெண்டுப் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தை வெளிவிடாது அடைத்து, நாளடைவில் பொருக்குப் பொருக்காக உதிரும். ஐப்பசித் தேர் அசைந்து வரும் கல்பாத்தித் தெருவில் வீட்டு முகப்பு ஊருக்கும் உரியது. அதை மாற்ற எண்ணுவோர், மரபுக் கட்டுப்பாடுகள் யாவை என்பதை நகரசபையில் கேட்டறிதல் வேண்டும்.

சிக்கனத்துக்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் பிறந்து, 1960களில் இடுக்கியின் வாகமண் மலையில் வாழ்ந்து, பின்னர்த் திருவனந்தபுரத்தில் தங்கிப் பணிபுரிந்து, இந்தியக் குடிமகனாகி, 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை அறிவீர்கள். செங்கற்களைக் கிடையாக அடுக்காது பக்கவாட்டில் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு என்னும் முறையை அவர் கேரளமெங்கும் பரப்பினார். அதனால் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். சுவரினுள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார். ஆகவே, பிரித்த கூரையின் ஓட்டையும் மரத்தையும் வந்த விலைக்கு விற்றுவிடாதீர்கள். அவை நம் புதிய அறைக்கு முதலீடு.

கழிப்பிடம் கூட்டுவோர் கிணற்றை மறத்தல் கூடாது. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது ஏழரை மீட்டரும், மனையெல்லைக்கும் குழிக்கும் இடையே 1.2 மீட்டரும் இருக்க வேண்டும் என்று கேரளக் கட்டட விதி கூறுகிறது. அளவுநாடா பிடித்துப் பார்த்த பின்பே குழி தோண்டுங்கள். மேலும், தை மாதத்தில் வேலையைத் தொடங்கி, இடவப்பாதி மழைக்கு முன் கூரையை முடித்துவிடுதல் நலம். கொத்தனாருக்குப் பணத்தை வேலையின் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். எதிர்பாராச் செலவுக்கென்று பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

இனி, நம் உறவினர் பலர் வாழும் இடுக்கி மலைக்குச் செல்வோம். பாலக்காட்டில் தவறு செய்தால் சுவர் வெடிக்கும். அங்கே தவறு செய்தால் உயிர் போகும். சமதளம் இல்லாமையால், வீட்டின் பின்புறத்து மேட்டைச் செங்குத்தாக வெட்டி அறை கட்டுகிறார்கள். மலையின் காலை வெட்டிவிட்டு அதன் மடியில் உறங்குவது போன்றது இது. ரயில் பாதைக்காக மேட்டை வெட்டும் பொறியாளர், மேலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து ஒதுக்க மேட்டின் தலைப்பில் வாய்க்கால் அமைப்பர். வீடு கட்டுவோரும் அதைக் கைக்கொள்ளல் வேண்டும். தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் இருத்தல் வேண்டும். மேட்டில் புதுவிரிசல் கண்டாலும், மரங்கள் சாய்ந்தாலும், புதிதாகக் கலங்கல் நீர் ஊறினாலும், வேலையை நிறுத்திவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுக.

மலைநீரின் வலிமைக்குச் சான்று வேண்டுமா? மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டலை ரயில் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது; மீண்டும் அமைக்கப்படவேயில்லை.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயன் வீடுகளின்மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் தமிழர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டோர் பலர். அவர்கள் மலையை வெட்டவில்லை. வீட்டுக்குரிய இடத்தைத் தேர்ந்தவர்களும் அவர்கள் அல்லர். தோட்டத் தொழிலாளர்க்கு வீடு தருதல் முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் லயன் வீடு வேலை உள்ளவரைக்குமே உரியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும், ஓர் அறையைக் கூட்டும் உரிமை அங்குள்ளோர்க்கு இல்லை. ஓய்வு பெற்றால் வெளியேறவும் வேண்டும். நாம் எங்கே ஓர் அறை கூட்டலாம் என்று ஆராய்கிறோம். அவர்களோ ஓய்வுக்குப் பின் எங்கே தலைசாய்ப்பது என்று கலங்குகிறார்கள்! ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு இரண்டு சென்ட் மனை வாங்க முனையும் அவர்களுக்கு, அது பத்திரமான நிலமா, பட்டா எதற்கு வழங்கப்பட்டது, கட்டட அனுமதி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. 1964ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளின்படி அளிக்கப்பட்ட பட்டா நிலம் உழவுக்கும் குடியிருப்புக்கும் உரியது. அங்கே கடையோ விடுதியோ எழுப்பியதால் எழுந்த வழக்குகள் பல. அவற்றைத் தீர்க்கவே 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. ஆதலின் வீட்டோடு ஒரு கடையைச் சேர்க்க விரும்புவோர் முன்கூட்டியே கிராம அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும்.

ஆகவே, சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது. நம்முள் பொறியாளர் உளர். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் உளர். கைதேர்ந்த கொத்தனார் உளர். இவர்களுள் ஐவரைக் கொண்டு ஒரு குழு அமைப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, வீடு கட்டுவோரின் வரைபடத்தையும் நிலப்பத்திரத்தையும் இலவசமாகப் பார்த்துக் கொடுக்கட்டும். ஆண்டில் இருமுறை மூணாற்றுக்கும் சென்று, தோட்டத்தில் ஓய்வு பெறுவோரின் நிலப்பத்திரங்களைப் பார்த்துக் கொடுக்கட்டும். இதற்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் ஒருநாள் உணவுமே.

விழாவுக்குப் பந்தல் போடக் கூடிய கைகள், ஒரு குடும்பத்தின் கூரைக்காகவும் கூடட்டும்.