பழம்பதி காணப் புறப்படுமுன்



ஆண்டுதோறும் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பள்ளிப் பேருந்துகள் சுற்றுலாப் புறப்படுகின்றன. அவற்றுட் பல ஏற்காட்டுக்கும் ஒகேனக்கல்லுக்கும் செல்கின்றன. அதிற் குற்றமில்லை, குழந்தைகள் அருவியில் ஆடட்டும். ஆனால், எங்கோ ஒரு பள்ளி துணிந்து மாணவரைப் பழம்பதிகளுக்கு அழைத்துச் செல்லும்போது அங்கு நிகழ்வது என்ன? குன்றேறுகின்றனர், பாறையின்முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், கட்டுச்சோற்றை உண்டு இறங்குகின்றனர். அப்பாறையில் ஒரு சேர வேந்தனின் பெயர் வெட்டப்பட்டிருப்பதை அவர்கள் அறியார். அது அவர்கள் பிழையன்று. சொல்லிக் கொடாதவர் பிழை.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் வழியே காவிரிப் பாலத்தைக் கடந்தால் வேலாயுதம்பாளையம். பயணம் ஒரு மணி நேரத்திற்குள் அடங்கும். அங்கே முருகன் கோயில் கொண்டிருக்கும் குன்றே புகழூர் ஆறுநாட்டார் மலை. அதன் முழைகளில் அமணத் துறவியர் உறைந்த கற்படுக்கைகள் உள்ளன. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய அமணர்க்காக அங்கோர் உறையுளை வெட்டுவித்த செய்தியை ஒரு கல்வெட்டுக் கூறுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை அதில் அடுக்கி நிற்கிறது. பெயரன் இளங்கோவாக ஆனபோது வெட்டிய கல் அது. இப்பெயர்களைப் பதிற்றுப்பத்துச் சேரரோடு பொருத்திக் காட்டியவர் ஐராவதம் மகாதேவனார். அது 1960களில் நிகழ்ந்தது. சேரரைப் பற்றிய பாட்டெல்லாம் புலவர் புனைவே என்றிருந்தவர்க்குக் கல்லே மறுமொழி கூறிற்று.

இத்துணைச் சிறப்புடைய கல்லின்முன் மாணவனை வெறுங்கையோடு நிறுத்துதல் தகுமா? உணவுப் பொதியும் நீர்க்குடுவையும் கட்டுமுன் அவனுக்குக் கட்டித்தர வேண்டியது எழுத்தறிவு. புறப்படுதற்கு முன்னைய வாரத்தில் நான்கு மாலைப் பொழுதுகள் போதும். கரும்பலகையில் தமிழி எழுத்துகளை எழுதிக் காட்டுக. கணக்குப் பாடத்துக் கூட்டற்குறியே அன்றைய ககரம் என்று சொன்ன அளவில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். அக்குறியின் தலையில் இருபுறமும் சிறுகோடு இழுத்தால் 'கோ'. அசோகனின் எழுத்தில் இல்லாத ழகர, ளகர, றகர, னகரங்களுக்குத் தமிழர் தனி வடிவம் அமைத்துக்கொண்டதையும் எழுதிக் காட்டுக. பிறகு ஒவ்வொரு மாணவனும் தன் பெயரைத் தமிழியில் எழுதட்டும். மலர்விழியும் இளங்கோவும் விரைந்து எழுதி முடிப்பர். ராஜேஷ் என்பான் சுண்ணக்கட்டியோடு திகைத்து நிற்பான். பெற்றோர் இட்ட பெயருக்காக அவனை எள்ளலாகாது. 'உன் பாட்டி உன்னை எப்படி அழைப்பார்?' என்று கேட்டால் போதும். பாட்டியின் நாவில் அப்பெயர் முன்பே தமிழாகியிருக்கும். அதை அவன் எழுதிவிடுவான்.

இங்கு ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அதே குன்றில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பானின் கொடை கூறும் கல்வெட்டொன்று உண்டு. அவன் அளித்த இடம் 'அதிட்டானம்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. அது வடபுலச் சொல், அமணரொடு வந்தது. தமிழ்ப்பற்று மிகுதியால் அச்சொல்லை மாணவர்க்கு மறைப்பாரும் உண்டு. மறைத்தல் கேடே தரும். பின்னாளில் அவன் தானே அதைப் படித்தறியும்போது ஆசிரியர் சொன்ன உண்மைகளையும் ஐயுறுவான். வணிகனின் ஊரும் தொழிலும் தமிழாக நிற்க, இடையே ஓர் அயற்சொல் வந்து புகுந்த வகையை அவன் கல்லிலேயே காணட்டும்.

புகுந்தது எவ்வளவு பெருகிற்று என்பதற்கு நாமக்கல் மலையே சான்று. மேற்கே ஆளரிக் குடைவரை; கிழக்கே அரங்கர் குடைவரை; இரண்டும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; அதியர் குடியினர் குடைவித்தவை. உருவங்களின் எழிலைக் கண்டு வியவாதார் இலர். ஆனால் அரங்கர் குடைவரைக் கல்வெட்டோ வடமொழியில், கிரந்த எழுத்தில் அமைந்தது. இக்குடியின் முன்னோனாகிய அதியன் நெடுமான் அஞ்சியின் கொடையைக் கூறும் தமிழிக் கல்வெட்டு 1981இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் கண்டறியப்பட்டது. வேந்தன் பெயரும் அவன் ஈந்த செய்தியும் அதில் தமிழ். ஔவையைப் போற்றிய குடி, சில நூற்றாண்டுகளுக்குப் பின் தன் கோயிலுக்குத் தமிழிற் பெயர் பொறிக்கவில்லை! நாமக்கல் மாணவன் நாடோறும் பார்க்கும் மலை இது. புகழூருக்குப் போகுமுன் இங்கே அவனை நிறுத்தி, இரண்டையும் ஒப்பிடச் சொல்லுக. விடையை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்ல வேண்டா.

மூன்றாவது இடம் கொடுமணல்; ஈரோடு மாவட்டம், நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு தொடங்கிற்று. இரும்பு உருக்கிய உலைகள், அரிய கல்மணிகள் செய்த பட்டறைகள், ஆட்பெயர் பொறித்த பானையோடுகள் எனக் கிடைத்தவை பல. கஞ்சமலையின் இரும்புக் கனியைக் கேட்டு வளர்ந்த சேலத்துப் பிள்ளைக்கு அவ்வுலைச் செய்தி தன் வீட்டுச் செய்தி போன்றது.

ஆயினும் கொடுமணலுக்குச் செல்வோர் ஏமாறுதல் எளிது. அங்கே கோபுரமில்லை, மதிலில்லை. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டன, மேலே வயற்காடு. வட்டமாக நட்ட ஈமக்கற்களே கண்ணிற் படும். 'இதற்கா இவ்வளவு தொலைவு?' என்று மாணவன் கேட்பது உறுதி. ஆதலின் முன்னதாகவே ஒரு பானைத் துண்டின் படத்தை வகுப்பிற் காட்டி, அதிற் கீறியுள்ள பெயரைப் படிக்கச் செய்தல் வேண்டும். ஒரு பானையின் கழுத்திற் பெயர் கீறி வைத்த ஊரில் எழுத்து அரண்மனைக்குள் அடைந்து கிடக்கவில்லை என்பது அப்போது விளங்கும்.

ஓட்டுத் துண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆசை எல்லார்க்கும் வரும், ஆசிரியர்க்கும் வரும். அது கூடாது. எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பதே ஓட்டின் காலத்தைச் சொல்லும். இடம் பெயர்ந்த ஓடு வெறும் ஓடு. அவ்வாறே கல்வெட்டின்மேல் சுண்ணம் தேய்த்தல், கரி பூசுதல், கூரிய கருவியால் எழுத்தைத் துலக்குதல் எவையும் ஆகா. காலை மாலைச் சாய்வொளியில் எழுத்து தானே எழும்பித் தெரியும். முழைக்குள் கைவிளக்கைப் பக்கவாட்டிற் பிடித்தாற் போதும். வெயிலேறினால் பாறை சுடும், விடியலிலேயே ஏறிவிடுக. தொல்லியல் துறையினர்க்கும் ஊராட்சிக்கும் முன்னரே மடல் எழுதுக. கொடுமணலில் உழவர் நிலத்தில் கால் வைக்குமுன் அவரைக் கேட்டுக்கொள்க. காதலர் பெயர் கீறிய பாறைகள் தமிழகத்திற் போதிய அளவு உள்ளன. இப்பேருந்தில் வருவோர் அவற்றோடு ஒன்றையும் சேர்க்க வேண்டா.

மாணவர் கையில் ஒரு குறிப்பேடும், அவர்களே வரைந்த ஒரு படமும் இருக்கட்டும். காவிரி, நொய்யல், அமராவதி, கருவூர், கொடுமணல் ஆகியவற்றை அதிற் குறித்தால் பழைய வணிகப் பெருவழி கண்முன் நிற்கும். திரும்பிய மறுநாள் அப்படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டுக. அதில் ஓரமாகச் சிறிது இடம் விட்டு வைக்க வேண்டும். தம் ஊர்க் குளத்தங்கரையில் துணி துவைக்கும் கல்லாகவும், மாட்டுக் கொட்டிலில் முளைக்கல்லாகவும் கிடக்கும் நடுகற்களைப் பற்றி மறுவாரமே பிள்ளைகள் வந்து சொல்வார்கள். அவற்றைக் குறிக்க அவ்விடம் தேவைப்படும்.