ஊராட்சி அலுவலகத்தில் சுருக்கச் சொற்கள்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2022-ஆம் ஆண்டு முதல் நமது மாநிலத்தில் கிராம சபைக்கென ஆண்டுக்கு ஆறு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. சபை கலைந்த பின்னர், தீர்மானங்களைக் கணினியில் எழுதும் வேலை தொடங்குகிறது. "தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994", "விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பன போன்ற தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றை ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாக அடிப்பதிலேயே பொழுது கழிகிறது. குடிநீர்க் குறையைச் சொல்ல வந்தவரோ வாயிலில் காத்து நிற்கிறார்.

இந்நேரத்தை மீட்க எளிய வழியுண்டு. வேர்டு, லிப்ரே ஆபீஸ் ஆகிய இரண்டிலும் ஆட்டோடெக்ஸ்ட் என்னும் வசதி அமைந்துள்ளது. நீண்ட தொடரை ஒருமுறை அடித்துத் தெரிவு செய்ய வேண்டும். பின்னர் வேர்டில் ஆல்ட் விசையுடனும், லிப்ரே ஆபீஸில் கண்ட்ரோல் விசையுடனும் எஃப்3 விசையைச் சேர்த்து அழுத்தினால், அதனைச் சேமிக்கும் பெட்டி திறக்கும். "ஊச94" என்பது போன்ற ஒரு சுருக்கப் பெயரை அங்கே கொடுக்கலாம். அன்று முதல் அச்சுருக்கத்தை அடித்து எஃப்3 விசையை அழுத்தினாலே போதும். சட்டத்தின் முழுப்பெயரும் வந்துவிடும்.

ஆட்டோகரெக்ட் என்னும் மற்றொரு வசதியில், சுருக்கத்தை அடித்து இடைவெளி விட்டவுடனே மாற்றம் தானாக நிகழும். ஆதலின் அதற்கு வழக்கிலுள்ள சொல்லை வைத்தல் ஆகாது. "ஊர்" என்று வைத்தால், அச்சொல் தனித்து வருமிடமெல்லாம் நீண்ட தொடர் வந்து புகும்.

இவ்வசதியில் ஓர் ஆபத்தும் உண்டு. ஓர் ஊராட்சியில் முழுத் தீர்மானத்தையே பெயர், தொகை, சர்வே எண் ஆகியவற்றுடன் சேமித்து வைத்தனர். அடுத்தவருக்கான தீர்மானத்தில் பெயரை மாற்றியவர்கள், சர்வே எண்ணை மாற்ற மறந்தனர். கோப்பு எங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பிச் சென்றது. சில நிமிடங்களை மிச்சப்படுத்தப் போய், ஓர் ஏழை உழவர் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே, மாறாத சொற்களை மட்டுமே கணினியிடம் ஒப்படைப்போம். மாறுகின்ற பெயரையும் தொகையையும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் கையாலேயே அடிப்போம். நாற்றங்கால் ஒன்றாயினும், நடவு அந்தந்த வயலைப் பார்த்தே செய்யப்படுகிறதன்றோ?

உறுப்பினர்களாகிய நீங்கள், அடிக்கடி வரும் பத்துத் தொடர்களைத் தாளில் எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். கையொப்பமிடுமுன் பெயர், தொகை, எண் மூன்றையும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். இவ்வாறு மிச்சமாகும் நேரம் வாயிலில் நிற்பவருக்கு உரியது.