காட்டு மஞ்சள் பூக்கும் பருவம்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் உங்களில் பலர் போய்வந்திருப்பீர்கள். பெரும்பாலும் அருவிகளில் தண்ணீர் கொட்டும் மாதங்களில்தான் அந்தப் பயணம் நடக்கும். நான் சொல்ல வந்தது வேறொரு பருவத்தைப் பற்றி. மாசி, பங்குனியில் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் இலையுதிர்ந்து, சருகு மூடி, வெறிச்சென்று கிடக்கும். சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ இரண்டு கோடை மழை விழுந்தால் போதும். சருகை விலக்கிக்கொண்டு தரையிலிருந்து ஒரு பூக்கதிர் எழும். இலை பிறகுதான் வரும். நுனியில் இளஞ்சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, நடுநடுவே சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். அதுதான் காட்டு மஞ்சள்.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சளுக்கு நெருங்கிய உறவு இது. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பேரினத்துக்குத் தாவரவியலில் குர்குமா என்று பெயர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். உலகில் இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஆசியாவின் வெப்ப மண்டலத்துக்குச் சொந்தமானவை.

இந்தக் குடும்பத்தார் பலர் நமக்குத் தெரியாமலே நம் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஊறுகாய்க்கு வாங்கும் மாங்காய் இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இஞ்சி இனமே இல்லை. மஞ்சள் பேரினத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்து, பின்பு கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போன வில்லியம் ராக்ஸ்பர்க்தான் அதை முதலில் முறைப்படி விவரித்தார். வயிறு சரியில்லாத குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் கூகைக்கிழங்கு மாவு இந்தப் பேரினத்துக் கிழங்கிலிருந்தும் எடுக்கப்படுகிறது. குளியல் பொடியில் சேரும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் இந்த வழிதான். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் பொடி பல நேரம் வேறு இனத்துக் கிழங்கு. உண்மையான கஸ்தூரி மஞ்சள் நல்ல வாசனையோடு வெளிறிய நிறத்தில் இருக்கும். தோலில் மஞ்சள் கறை பிடிக்கும்படி அடர்நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இனி பூவுக்கு வருவோம். மஞ்சள் பயிரிடும் விவசாயிகளில்கூடப் பலர் அதன் பூவை நின்று பார்த்ததில்லை. கதிரின் கீழ்ப்பகுதியில் செதில் போன்ற இலைகள் ஒன்றோடொன்று அடியில் ஒட்டி, தொன்னைகளை அடுக்கிவைத்தது போல நிற்கும். ஒவ்வொரு தொன்னைக்குள்ளும் சில மொட்டுகள் ஒளிந்திருக்கும். ஒன்று விரிந்து, ஒரு நாள் இருந்து, வாடும், பிறகு அடுத்தது. உச்சியில் நிறத்தோடு நிற்கும் செதில்களுக்குள் பூ கிடையாது. பூச்சிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி காட்டுவதுதான் அவற்றின் வேலை. பூவில் நாம் இதழ் என்று நினைக்கும் அகலமான மஞ்சள் பகுதியும் இதழ் அல்ல. ஒரு காலத்தில் மகரந்தம் சுமந்த தாள்களே அப்படி விரிந்து, தேனீ வந்து இறங்கும் மேடையாக மாறிவிட்டன. மகரந்தம் தருவதற்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள். சூல்தண்டு அந்தத் தாளின் இரு மகரந்தப் பைகளுக்கு நடுவே நூல்போல நுழைந்து மேலே வருகிறது. விரல் நுனி அளவுள்ள பூவுக்குள் இத்தனை ஏற்பாடு இருப்பது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடும் விதைக்காகத்தான். ஆனால் நம் வயல் மஞ்சளில் அந்த விதை அநேகமாக உருவாவதே இல்லை. அதன் உயிரணுவில் 63 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. 21 என்ற தொகுதி மூன்று முறை. விதை உண்டாக நிறமூர்த்தங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று தொகுதி இருந்தால் ஜோடி சேராது. ஆகவே வைகாசியிலும் ஆனியிலும் கிழங்கை நட்டு, தை மாசியில் வெட்டி, அதிலிருந்தே மறுபடி விதைக்கிழங்கு எடுத்துவைக்கிறோம். மனிதக் கை விட்டுவிட்டால் வயல் மஞ்சளுக்கு எதிர்காலம் இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து வயல்களிலும் மஞ்சள் விளைகிறது. இந்த வயல்களில் நிற்பது பெரும்பாலும் தாய்க்கிழங்கின் நகல்கள். கிழங்கு அழுகல் நோய் ஒரு செடியில் ஏறினால் பக்கத்துச் செடியில் அதைத் தடுக்கத் தனிக் குணம் ஏதும் இருக்காது. அதனால்தான் அபூர்வமாக விழும் விதைகூடப் பெரிய செல்வம். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரபா, பிரதிபா ஆகிய இரண்டு ரகங்களும் அப்படி விதையிலிருந்து முளைத்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை.

காட்டு இனங்கள் பலவற்றுக்கு இந்தத் தடை இல்லை. அவை பூத்துக் காய்த்து, கலந்து, மாறி வளர முடியும். வயல் மஞ்சளுக்கு நோய் தாங்கும் குணமோ வறட்சி தாங்கும் குணமோ தேவைப்படும் நாளில், மலையில் நிற்கும் இந்த உறவுகளிடம்தான் போக வேண்டியிருக்கும். காட்டு மஞ்சளைக் களைச்செடிபோலப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தச் செடிகளை அறிவியல் அறிந்துகொண்ட கதையில் நம்மவர் கைகளும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களாக வெளியிட்டார். தென்னிந்தியக் காட்டு மஞ்சள்களில் ஒன்றுக்கு நீலகிரியின் பெயரை வைத்து, 1853இல் அச்சேற்றியவர் அவரே. அவருக்காக ஆண்டுக்கணக்கில் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். பிற்காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் அருட்தந்தை கே. எம். மேத்யூ, ராபினட் உலர்தாவரகத்தின் மூலம் தமிழக மலைகளையும் சமவெளிகளையும் அளந்து, 1980களின் தொடக்கத்தில் பெரும் தாவரத் தொகுப்பு ஒன்றைத் தந்தார். என்றாலும் மஞ்சள் பேரினம் ஆய்வாளர்களுக்கு எளிதில் பிடிபடவில்லை. இதன் பூவைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தினால் நிறமும் வடிவமும் போய்விடும். செக் நாட்டு ஆய்வாளர் யானா ஸ்கோர்னிச்கோவாவும் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் எம். சாபுவும் இந்திய மஞ்சள்களை ஆராய்ந்தபோது, உயிரோடு நிற்கும் செடியையே நம்ப வேண்டியிருந்தது. பூக்கும் வாரத்தில் அந்த இடத்தில் இருப்பவருக்கே இந்தச் செடி முழுதாகத் தெரியும்.

அந்த வாரத்தில் அந்த இடத்தில் இருப்பவர்கள் யார்? கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி, காட்டின் ஒவ்வொரு பருவத்தையும் அறிந்தவர்கள். எந்தக் கிழங்கு எப்போது முளைக்கும், எது வெளிக்காயத்துக்கு, எது வயிற்றுக்கு என்ற அறிவு பெரியவர்களின் பேச்சில்தான் இருக்கிறது. எழுத்தில் இருப்பதன் வலிமையை மஞ்சள் விஷயத்திலேயே நாடு பார்த்திருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம், ரகுநாத் மஷேல்கர் தலைமையில் இருந்தபோது, அதை எதிர்த்தது. பழைய நூல்களையும் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் சான்றாக வைத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. பாட்டிகள் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். அச்சில் இருந்ததால் அது சான்றாக நின்றது. காட்டு மஞ்சள் பற்றி மலைக் கிராமத்துப் பெரியவர் சொல்வதற்கு அப்படி ஓர் அச்சுச் சான்று எங்கே இருக்கிறது?

வெள்ளிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே, இது உங்களால் முடியும். கோடை மழைக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பூத்த செடியைப் படம் எடுங்கள். தேதி, இடம், அவர் அதற்குச் சொல்லும் பெயர், பயன், எல்லாவற்றையும் அவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். கிழங்கைத் தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம் என்பது ஒருபுறம். பூக்கும்போது பிடுங்கிய செடி அந்த ஆண்டு விதை போடாது என்பது அதைவிடப் பெரிய இழப்பு. இதே பேரினத்துக் கருமஞ்சள் கிழங்குக்கு லட்சக்கணக்கில் விலை என்று யாராவது ஆசை காட்டித் தோண்டச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வீட்டுத் தொட்டியில் மஞ்சளோ மாங்காய் இஞ்சியோ வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தையில் இலை முழுவதும் மஞ்சளாகிக் காய்ந்து சாயும். செடி செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, தொட்டியை நிழலில் வைத்துவிடுங்கள். சித்திரையில் முதல் மழை பெய்யும்போது வெளியே எடுத்து வையுங்கள். முளை கிளம்பிய பிறகு தண்ணீர் விட்டால் போதும்.