பொருளின் உள்ளே புகும் கதிர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சைவமும் தமிழும் பேச வேண்டிய மேடையில் கதிர்களைப் பற்றியும் உலோகங்களைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கக்கூடும். பொருந்தும் என்பதே எமது துணிபு. ஸ்கந்தபுரம் என்று கந்தன் பெயரைத் தாங்கிய ஊர் இது. அப்பெருமான் கை வேலும் உலோகம்; நாம் வணங்கும் எழுந்தருளி மூர்த்தியும் உலோகத்தில் வார்த்ததே. அந்த உலோகத்தின் உள்ளே இருப்பது யாது என்று அறிய விரும்புவது குற்றமாகாது.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் ரொன்ஜன் ஒரு புதுக் கதிரைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால் எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். சில வாரங்களில் அவர் மனைவியாரின் கை எலும்பும் மோதிரமும் படமாகப் பதிந்தன. இக்கதிரை வன்னி மக்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கை முறிந்தவரும் நெஞ்சு நோய் கொண்டவரும் இதன் முன் நின்றவர்களே. 2009இல் முடிந்த போரின் இரும்புச் சிதறல்களை இன்றும் உடலிற் சுமப்போர் எம்மிடையே உளர். அச்சிதறல் எங்கே தங்கியிருக்கின்றது என்று வைத்தியருக்குக் காட்டுவதும் இக்கதிரே.

ஆயினும் நிழற்படம் எடுப்பது இக்கதிரின் முதற்பணி மாத்திரமே. அதனினும் நுட்பமான பணி ஒன்று உண்டு. குளத்தில் வரிசையாக நட்ட கம்புகளின் ஊடே அலை செல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கம்பிலிருந்தும் சிற்றலைகள் கிளம்பும். சில இடங்களில் அவை ஒன்றுகூடி உயரும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். கம்புகளைக் காணாதவனும் அந்த அலைக்கோலத்தை அளந்து கம்புகளின் இடைவெளியைக் கணித்துவிடலாம். பளிங்கில் அணுக்கள் அவ்வாறே வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரைக் கோடி பங்கு செய்ததில் ஓரிரு பங்கு அளவினது. எக்ஸ் கதிரின் அலைநீளமும் ஏறக்குறைய அவ்வளவே. 1912இல் லௌவே என்பார் வழிகாட்டச் செப்புச் சல்பேற்றுப் பளிங்கினூடே இக்கதிரைச் செலுத்தினர். படத்தில் புள்ளிக் கோலம் விழுந்தது. தந்தையும் மகனுமாகிய பிராக் இருவரும் அக்கோலத்தை வாசிக்கும் கணக்கை வகுத்தனர். 1915இல் நோபல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25. இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இக்கலை எமது மொழி வழங்கும் நாட்டிலும் வேரூன்றியது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். தோலுக்கும் எலும்புக்கும் வலுவளிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தை அவர் ஆராயப் புகுந்தார். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் வெளியிட்டார். பல திசைகளில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவை மீட்கும் கணித முறை ஒன்றையும் 1971இல் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து தந்தார். இன்றைய சி.ரி. ஸ்கான் கருவிகளின் கணக்கில் அவ்வகை முறைக்குச் சிறந்த இடம் உண்டு.

எக்ஸ் கதிர் எல்லாவற்றையும் காட்டிவிடுமா? இல்லை. அது இலத்திரன்களோடு உறவாடுவது; ஆகவே கனமான ஈயம் அதனை மறித்துவிடும், இலேசான ஐதரசனோ அதன் கண்ணில் மிக மங்கலாகவே படும். 1932இல் சாட்விக் கண்டறிந்த நியூத்திரன் இதற்கு நேர்மாறானது. அதற்கு மின்னேற்றம் இல்லை; ஈயத்தை ஊடுருவும், ஐதரசனைத் தெளிவாகக் காட்டும். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கிவரும் காமினி என்னும் சிற்றுலையிலிருந்து வரும் நியூத்திரன் கற்றையால் அணு எரிபொருட் கோல்களைப் பிளக்காமலே படம் பிடிக்கின்றனர். தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம் 233 அவ்வுலையின் எரிபொருள். தோரியம் என்றவுடன் எமது நாட்டவர் ஒருவரை நினையாதிருக்க முடியாது. 1904இல் இலங்கையின் இரத்தினக்கல் மணலில் தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டறிந்தவர், அன்று கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. சிவநடனத்தின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்த அவரே கல்லையும் மண்ணையும் ஆராய்ந்தவர். விஞ்ஞானமும் சமயமும் ஓருள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

கல்பாக்கத்தில் இன்னொரு கற்றையும் உண்டு. வேக அணுவுலையின் உள்ளிருக்கும் உருக்கை நியூத்திரன்கள் ஓயாது தாக்கும். ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலிருந்து நூறு முறை வரை தள்ளப்படலாம். அதனால் உருக்கினுள் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி அது வீங்கத் தொடங்கும். இவ்வீக்கம் 1967இல் உலகுக்குத் தெரியவந்தது. எந்த உருக்கு இதனைத் தாங்கும் என்று உலையில் வைத்தே பார்த்தால் ஆண்டுகள் கழியும். ஆகையால் ஆர்முடுக்கியில் நிக்கல் அயன்களை விரைவுபடுத்தி உருக்கின்மேல் பாய்ச்சுகின்றனர். ஆண்டுகளில் நேரும் சேதத்தைச் சில மணி நேரத்தில் உண்டாக்கி, தைத்தேனியம் சிறிது சேர்த்த உருக்குக்கு வீக்கம் குறைவு என்பதைக் காண்கின்றனர். வேலை வடிக்கும் கொல்லன் அதனை உலையிலிட்டுச் சோதிப்பதும் இதுவும் ஒரே நோக்கமுடையனவே.

இனித் திருவுருவங்களுக்கு வருவோம். அதே கல்பாக்கத்தைச் சேர்ந்த பல்தேவ் ராஜ் அவர்களும் துணைவர்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துத் திருவுருவங்களைக் கதிர்களால் ஆராய்ந்தனர். கதிர் பட்டவுடன் செம்பு, ஈயம், வெள்ளீயம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கதிரை மறுபடி வெளிவிடும். அதனை அளந்தால் கலவை விளங்கும், உருவத்தில் ஒரு கீறலும் விழாது. ஊடுருவும் கதிரால் எடுத்த படத்திலோ வார்ப்பின்போது உள்ளே நின்றுவிட்ட காற்றுக் குமிழிகள் தெரியும். மெழுகு வார்ப்பில் ஒவ்வோர் உருவுக்கும் அச்சு உடைக்கப்படுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. எனவே அக்குமிழிகள் மனிதனுக்குக் கைரேகை எப்படியோ அப்படி.

இதனால் யாது பயன் என்பீர்கள். 1976இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் கள்ளமாகக் கடல் கடந்து இலண்டன் சேர்ந்தார். நீதிமன்றத்தில் உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும், கறையான் அரித்த தடமும் சான்றுரைத்தன. 1988இல் தீர்ப்புக் கோயிலின் பக்கம் ஆயிற்று. 1991இல் பெருமான் திரும்பி வந்தார். பக்தர் கண்ணீர் நியாயமானது; ஆனால் வழக்கை வென்றது சான்று.

எமது நிலை யாது? 2008இலும் 2009இலும் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீடுகளைப் போலவே கோயில்களும் காவலின்றிக் கிடந்தன. காணாமற்போன ஒரு திருவுருவம் நாளை எங்கோ ஓர் ஏலக்கடையில் தோன்றினால், “இது எங்களுடையது” என்று காட்ட எம்மிடம் ஒரு படமோ, உயரமோ, நிறையோ எழுதிவைத்த ஏடு உண்டா? இதுவே நாம் இன்று உங்கள்முன் வைக்கும் கேள்வி.

எல்லாவற்றையும் எம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையிற் சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். முன்னோர் எக்ஸ் கதிரை அறிந்தாரல்லர். அவர்கள் அறிந்திருந்தது மெழுகின் பதமும் உலோகத்தின் பதமும் நெருப்பின் பதமும் ஆகும். அவ்வறிவு எத்துணை நுட்பமானது என்பதைக் காட்டுவதற்கே இன்றைய கதிர்கள் துணைபுரிகின்றன. வெறும் பெருமையினும் சான்றுள்ள பெருமை நெடுநாள் நிற்கும்.

பெரிய கருவிகள் எமக்கு எட்டாதவை என்று தளர வேண்டாம். இந்தூரில் 2005 முதல் இயங்கும் இந்துஸ் இரண்டு என்னும் வளையம் 172 மீற்றர் சுற்றளவுடையது. அதனுள் ஓடும் இலத்திரன்கள் வளையும்போது வீசும் எக்ஸ் கதிர் சாதாரணக் குழாயினதைப் பல மடங்கு விஞ்சுவது. யோர்தானில் 2017இல் திறந்த செசமி என்னும் அத்தகைய நிலையத்தை ஈரானும் இஸ்ரேலும் பாலஸ்தீனமும் பாக்கிஸ்தானும் பங்காளிகளாகச் சேர்ந்து அமைத்தன. பகைத்த நாடுகளே ஒரு விளக்கைப் பகிரலாமாயின், இலங்கை மாணவர் இந்தூர்க் கதவைத் தட்டத் தயங்குவதேன்? அதற்கு வேண்டிய முதல் திறவுகோல் கணிதமும் பௌதிகமும். அவற்றைக் கடினம் என்று ஒதுக்காதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சங்கத்து இளைஞர்கள் இவ்வாண்டு சுற்றுவட்டாரக் கோயில்களின் தருமகர்த்தாக்களையும் குருக்கள்மாரையும் அணுகி, அவர்கள் இசைவோடு ஒவ்வொரு திருவுருவத்தையும் நான்கு பக்கமும் படம் பிடித்து, உயரமும் நிறையும் தழும்பும் குறித்து, இரண்டு பிரதிகள் வைக்க வேண்டும். ஒன்று கோயிலில் இருக்கட்டும்; மற்றது வேறோரிடத்தில் பத்திரமாயிருக்கட்டும். கதிர்க் கருவி வரும்போது வரட்டும். அளவுகோலும் தராசும் இன்றே எம் கையில் உள்ளன.

கந்தப்பெருமான் திருவருள் துணை நிற்பதாக. வணக்கம்.