கொப்புளத்துக்குள் இருக்கும் நீர்



காப்புப் பூச்சுகளின் குறைபாடுகளும் காரணங்களும் என்ற பொருளை இரண்டு நாள் விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட இக்கருத்தரங்கின் அமைப்பாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். புதிய பூச்சுகளைப் பற்றிப் பேச நிறைய மேடைகள் இருக்கின்றன. உரிந்து விழுந்த பூச்சைப் பற்றிப் பேச மேடை குறைவு. பழுதைப் பொதுவில் பேசினால் யாருக்காவது பழி வரும் என்ற அச்சம் நம் துறையில் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் ஒரே பிழையை ஊர் ஊராகத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம்.

பூச்சு கெட்டுப்போனால் முதலில் வரும் சொல் 'பெயிண்ட் சரியில்லை' என்பது. தயாரிப்பிலேயே குறை இருக்கும் பெயிண்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தொடங்கியவை. இரும்பின் மேற்பரப்பில் என்ன இருந்தது, அடித்த நேரத்தில் காற்று எப்படி இருந்தது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எத்தனை நாள் போனது, இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் காரணம் பாதிக்கு மேல் வெளிப்பட்டுவிடும்.

முதலில் உப்பு. கடலோரத்தில் வேலை செய்கிற நமக்கு இதைவிடப் பெரிய பகை கிடையாது.

பாம்பனை நினைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் அந்த உப்புக் காற்றில் நின்றது. 1964 டிசம்பர் புயல் அதன் கர்டர்களை வாரிக்கொண்டு போனபோது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை மீட்டது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. புயலின் கணக்கு ஓர் இரவில் முடிந்தது. துருவின் கணக்கு ஒரு நாளும் முடியவில்லை. 2022-இன் இறுதியில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் மேற்பூச்சும் வந்திருக்கின்றன. அந்தச் சூழலுக்கு அது தேவையான தேர்வுதான். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் கடல்நீர் அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு பிரிவை வைத்ததற்கும் இந்தச் சூழல்தான் காரணம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நடப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகம் இத்துறையில் நம் நாட்டுக்குக் கிடைத்த பெரும் பேறு.

இனி உப்பு பூச்சுக்கு அடியில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரையில் உச்சி வெயிலில்கூட ஈரப்பதம் அதற்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே கண்ணுக்கு உலர்ந்து தெரியும் இரும்பு உண்மையில் உலர்ந்ததல்ல. அதன் மேல் எபாக்ஸி அடித்தால் அந்தப் படலம் நீராவியை உள்ளே விடும், உப்பை வெளியே விடாது. அடியில் உப்புக் கரைசல், மேலே மழைநீரோ பனிநீரோ. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது அங்கே நடக்கத் தொடங்குகிறது. நீர் உள்ளே சேர்ந்துகொண்டே போய்ப் படலத்தைத் தூக்குகிறது. அதுதான் கொப்புளம்.

ஒரு கொப்புளத்தை எப்படிப் படிப்பது என்பதை இங்கே இருக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு கூரிய கத்தி முனையால் ஓரத்தில் மட்டும் கீறுங்கள். நீர் வந்தால் உடனே பி.எச். தாளை வையுங்கள், ஒரு துளியையாவது மின்கடத்துத்திறன் பார்க்க எடுத்து வையுங்கள். மூடியைத் தூக்கியதும் அடியில் இரும்பு பல நேரம் கறுப்பாகவோ பளபளப்பாகவோ இருக்கும். உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் அந்த நிறம். சில நிமிடத்தில் உங்கள் கண்முன்னே அது பழுப்பாக மாறும். ஆகவே படம் எடுப்பதானால் அந்தக் கணத்திலேயே எடுத்துவிட வேண்டும். நீர் கடுங்காரமாக இருந்தால், கேதோடு பாதுகாப்பு அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். நீரே இல்லாமல் தின்னர் வாடை மட்டும் அடித்தால், முதல் கோட் உலர்வதற்குள் அடுத்ததை அடித்துக் கரைப்பானைச் சிறை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொப்புளம் இரும்பிலிருந்து எழாமல் இரண்டு கோட்டுக்கு நடுவே எழுந்திருந்தால், அழுக்கு அந்த இடைவேளையில் வந்தது. கொப்புளங்கள் வெல்டிங் தையலை ஒட்டி வரிசையாக வந்தால் வெல்டிங் கசடும் புகையும் கழுவப்படவில்லை. ஐந்து விரல் வடிவில் வந்தால் யாரோ வியர்த்த கையை வெறும் இரும்பில் ஊன்றியிருக்கிறார்.

இவ்வளவையும் சொல்லக்கூடிய சாட்சியைத்தான், கான்கிரீட் உடைப்பதைப் போலச் சுரண்டித் தள்ளிவிட்டு, அதே நாளில் மேலே புதுப் பெயிண்ட் அடித்துவிடுகிறோம்.

துகள்களைப் பீய்ச்சித் துருவை நீக்கும் பிளாஸ்டிங் செய்தால் உப்பு போய்விடும் என்று நம்புவது தவறு. சா இரண்டரை (Sa 2½) என்ற தூய்மைத் தரத்துக்குச் சுத்தம் செய்த இரும்பு வெள்ளைச் சாம்பல் நிறத்தில் அழகாகத் தெரியும். ஆனால் பழைய துருக்குழியின் அடியில் புதைந்த குளோரைடு அங்கேயே இருக்கும். மறுநாள் காலையில் கரும்புள்ளிகள் தோன்றினால் அது அதன் அறிகுறி. பிரெஸ்லே ஒட்டுத்தாளை ஒட்டி, ஊசியால் வாலைவடி நீரை உள்ளே செலுத்தி, திரும்ப உறிஞ்சி, மின்கடத்துத்திறனை அளந்தால் சில நிமிடத்தில் விடை தெரியும். கப்பல்களின் நிலைப்பு நீர்த் தொட்டிகளுக்கு 2006-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த பூச்சுத் தரம், ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் உப்புதான் உச்ச வரம்பு என்கிறது. ஒரு சிட்டிகை உப்பு பல சதுர மீட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். எனவே பிளாஸ்டிங்குக்கு முன் நன்னீரால் உயர் அழுத்தத்தில் கழுவ வேண்டும். நன்னீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பு. அதில் கழுவுவது இரும்பின் மேல் உப்பைப் பூசுவதாகும். கடல் மணலைப் பீய்ச்சுவதும் அப்படித்தான். அதில் இன்னொரு கொடுமையும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது காற்றும் நேரமும். இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதி எல்லா ஒப்பந்தத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. நம் ஊரில் இதன் பொருள் என்ன? காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை 27 டிகிரிக்குச் சற்று மேலே. அப்போது இரும்பும் 30 டிகிரியில் இருந்தால் விதி நிறைவேறவில்லை. இரவெல்லாம் வெளியே கிடந்த தடித்த இரும்பு காலை ஏழு மணிக்குக் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்ற ஆட்களின் பழக்கம் உடம்புக்கு நியாயமானது, பூச்சுக்கு ஆபத்தானது. இந்த முரண்பாட்டை மேற்பார்வையாளர் கண்டும் காணாமலும் விடக்கூடாது. வேலைநேரத்தை மாற்ற வேண்டும், நிழல்துணி கட்ட வேண்டும், கூலியை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

அமைன் பூத்தல் என்ற குறைபாடும் இப்படி ஈரம் மிகுந்த நேரத்தில்தான் பிறக்கிறது. எபாக்ஸியின் ஹார்டனரில் இருக்கும் அமைன், ரெசினோடு வினைபுரிவதற்குள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் கார்பமேட்டாகப் படிகிறது. தொட்டால் மெழுகு தடவியது போல் வழுக்கும், பளபளப்பு மங்கியிருக்கும். மழைக்காலத்தில் மாலையில் அடித்த கோட்டில் இதைத் தேடிப் பாருங்கள். இதன் மேல் அடிக்கும் மேற்பூச்சு சில மாதத்தில் ஏடு ஏடாகக் கழன்று வரும். தளத்தில் தின்னர் நனைத்த துணியால் துடைப்பார்கள். துடைத்தால் அது பரவுமே தவிரப் போகாது. இளஞ்சூடான நன்னீரால் கழுவி, நைலான் தேய்ப்பானால் தேய்த்து, மறுபடி கழுவினால் போகும். இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை, எபாக்ஸியை வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவிட்டு அதன் மேல் அப்படியே அடிப்பது. படலம் இறுகி, மேலே மாவு பூத்திருக்கும். எமரித்தாள் போட்டுச் சொரசொரப்பாக்காமல் எதுவும் அதில் பிடிக்காது. தகவல் தாளில் மறுபூச்சுக் கால அவகாசம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காததால் இழந்த பணம் பெரிது.

விளிம்புகளைப் பற்றி ஒரு சொல். ஆங்கிளின் கூர்முனையிலும் போல்ட் தலையிலும் ஈரப் பெயிண்ட் பரப்பு இழுவிசையால் பின்வாங்கும். தட்டையான பரப்பில் 300 மைக்ரான் தடிமன் காட்டும் கருவியை விளிம்பில் வைக்கவே முடியாது, அங்கே அதில் ஒரு பகுதிகூட இருக்காது. துரு எப்போதும் விளிம்பில் தொடங்குவது இதனால்தான். முனையை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டித் தேய்த்து, ஒவ்வொரு முழுக் கோட்டோடும் தூரிகையால் தனியாக விளிம்புக் கோட் கொடுக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படும் வேலை இதுவே. நான் ஒப்பந்தம் எழுதும் இடத்தில் இருந்தால், வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டேன்.

துத்தநாக சிலிகேட் பிரைமரைத் தடிமனாக அடித்தால் வயல் வெடிப்பது மாதிரி வெடிப்பதும், அதன் நுண்துளைகளிலிருந்து காற்று கிளம்பி மேற்பூச்சில் ஊசித்துளை விழுவதும், பலத்த காற்றில் ஸ்பிரே துகள்கள் போகும் வழியிலேயே உலர்ந்து உப்புத்தாள் போலப் படிவதும் இன்றைய கட்டுரைகளில் விரிவாக வருகின்றன. ஆகையால் அவற்றுக்குள் போகவில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கேட்டின் மேல் சாதாரண எனாமல் அடித்து ஓராண்டில் உரிந்து தொங்குவது மட்டும் வீட்டுக்கு வீடு நடப்பதால் சொல்கிறேன். துத்தநாகத்தின் மேற்பரப்பில் உண்டாகும் காரம் எனாமலின் எண்ணெய்ப் பகுதியைச் சோப்பாக்கிவிடுகிறது. எந்தக் கம்பெனி எனாமலானாலும் இதுதான் கதி. கால்வனைஸ் தகடுக்கென்று உள்ள பிரைமரை முதலில் போடுவதே வழி.

நல்ல வேலை நீண்ட நாள் நிற்கும் என்பதற்குச் சான்று வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1890-இல் திறந்த அந்தப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பது முடிவே இல்லாத வேலை என்று பழமொழியே உண்டானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய அடுக்குகளை எல்லாம் வெறும் இரும்புவரை நீக்கி, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்ஸி முறையில் மூன்று கோட் கொடுத்து, 2011 டிசம்பரில் பணியை முடித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே செலவின் பெரும்பகுதி சாரத்துக்கும், மூடாக்குக்கும், பழையதை நீக்குவதற்கும் போனது. நம் டெண்டர்களில் பெயிண்டின் லிட்டர் விலையைப் பற்றி ஒரு வாரம் வாதாடிவிட்டு, மேற்பரப்புத் தயாரிப்புக்கு 'தேவையானபடி சுத்தம் செய்து' என்று ஒரே வரி எழுதுகிறோம். இது மாற வேண்டும்.

இறுதியாக ஆட்கள். தொங்குசாரத்தில் நின்று ஸ்பிரே கன் பிடிப்பவருக்கு பேஸும் ஹார்டனரும் எந்த விகிதம் என்று நாம் சொல்லித்தருகிறோமா? கலந்த பெயிண்ட் எத்தனை மணிக்குப் பின் பயனற்றது என்று அவருக்குப் புரியும் மொழியில் டப்பாவில் எழுதியிருக்கிறதா? பாலியூரித்தேனில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியுமா? சிலிக்கா மணலைப் பீய்ச்சுவதால் வரும் சிலிகோசிஸ் நுரையீரலைக் கல்லாக்கும் நோய், அதற்கு மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-லேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் பிளாஸ்டிங்கைத் தடுத்துவிட்டது. நம் சிறு பட்டறைகளில் இன்றும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் அதைச் செய்கிறார்கள். பூச்சின் ஆயுளைப் பற்றிப் பேசும் மன்றம் அதை அடிப்பவரின் ஆயுளைப் பற்றிப் பேசாமல் இருப்பது அறமாகாது.

இக்கருத்தரங்கிடம் நான் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. இங்கே வாசிக்கப்படும் பழுது அறிக்கை ஒவ்வொன்றிலும், பூச்சு அடித்த நாளின் வெப்பம், ஈரப்பதம், இரும்பின் வெப்பம், உப்பின் அளவு ஆகியவை இருக்கட்டும். அவை கிடைக்கவில்லை என்றால், பதிவு இல்லை என்று அறிக்கையிலேயே எழுதுங்கள். பழைய பூச்சை நீக்குமுன் அதைப் படித்துப் பதிய ஒரு நாள் ஒதுக்குவதை ஒப்பந்த நிபந்தனையாக்கும்படி நாளை மாலை ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். அடுத்த முறை இந்த அரங்கில் முன்வரிசையில் பெயிண்டர்களும் பிளாஸ்டர்களும் உட்கார வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பயணப்படியும் கொடுத்து அழையுங்கள். கொப்புளம் எங்கே வரும் என்று நம்மைவிட முன்பே அறிந்தவர்கள் அவர்கள்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.