குடியிருந்தால் போதாது, கிராண்ட் வேண்டும்

(காம்பார் மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தோட்டத்தில் இருந்தபோது எல்லாம் ஒன்றாக இருந்தோம். டவுனில் என்ன இருக்கிறது?" என்று நம் பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லயத்து வீடு யாருடையது? நிர்வாகத்துடையது. பால்வாளியைத் திருப்பிக் கொடுத்த கையோடு வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேலை, வீடு, கோயில், பள்ளி எல்லாம் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்ததால், வாய் திறக்கவே பயந்தோம்.

டவுன் நமக்குக் கொடுத்த முதல் சுதந்திரம் இதுதான்: முதலாளி வேறு, வீட்டுக்காரர் வேறு. ஒரு வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். பிள்ளை அதே பள்ளிக்குப் போகலாம். பாட்டி கிளினிக்குக்கு நடந்தே போகலாம். பக்கத்து வீட்டுச் சீனரும் எதிர்வீட்டு மலாய்க்காரரும் நம் திருமணத்துக்கு வருவார்கள். இதற்காகத்தான் டவுனில் வாழ்வது நல்லது என்கிறேன்.

இந்தக் காம்பாரில் நாம் நேற்று வந்தவர்கள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈயத்தால் எழுந்த ஊர் இது. சீனர்கள் லம்பத்தில் உழைத்தார்கள். நம்மவர்கள் தண்டவாளம் போட்டார்கள், சாலை போட்டார்கள், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை இங்கே ஜப்பானியரைத் தடுத்து நின்ற படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடின, குளங்கள் மிஞ்சின. 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தது. 2009இல் காம்பார் தனி மாவட்டமானது. கேட்பாரற்றுக் கிடந்த நிலத்துக்கு விலை வந்துவிட்டது.

நிலத்துக்கு விலை வரும்போது முதலில் வெளியேற்றப்படுபவர் யார்? கையில் காகிதம் இல்லாதவர்!

நம் பேராக் மாநில அரசாங்கத்தின் மீது சிடேக் என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், புறம்போக்குவாசிகளுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரிகளின் வாக்குறுதியை நம்பிக் குடியேறினோம் என்று வாதாட இடம் உண்டு. அதை நிரூபிக்கவும் காகிதம்தான் வேண்டும்.

டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமம் வைத்திருப்பவர்களே, அதை கிராண்ட் என்று நம்பாதீர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31ஐத் தாண்டி அது செல்லாது, மறுபடி புதுப்பிக்க வேண்டும். பெயருக்குரியவர் இறந்தால் உரிமமும் முடிகிறது. பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. பினாங்கு கம்போங் புவா பாலாவை மறந்துவிடாதீர்கள். தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போராடினார்கள். 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

ஆகவே நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, நீங்கள் குடியிருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பாருங்கள்.

இரண்டு, டி.ஓ.எல். உள்ளவர்கள், அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே நிலப்பட்டாவுக்கு மனுச் செய்யுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று, தாமான் வீட்டுக்காரர்கள் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். கிராண்ட் இறந்த தாத்தா பெயரிலேயே இருந்தால் உடனே மாற்றுங்கள். சிறிய சொத்துக்கு நில அலுவலகத்திலேயே பங்கீட்டு மனுச் செய்யலாம். அண்ணன் தம்பி சண்டை வருவதற்குமுன் முடித்துவிடுங்கள்.

நான்கு, கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். நிலத்தைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளுக்குச் சுருக்கமான நடைமுறை உண்டு, சாட்சி விசாரணையே இல்லாமல் முடிந்துவிடலாம். கடிதம் கிடைத்த அன்றே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவே சேர்ந்து போங்கள்.

தோட்டத்தில் நாம் ஒன்றாக இருந்தோம், உரிமை இல்லை. டவுனில் உரிமை பெற வழி இருக்கிறது, ஒன்றாக இல்லை. அந்த ஒற்றுமையை இந்தத் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். நம் பேரப்பிள்ளைகளாவது மூட்டை கட்டாமல் வாழட்டும்.