அழுகிய முட்டை நாற்றம்: ஒரு மதிப்பெண் கேள்வியும் நம் ஊர்த் தொட்டிகளும்

(ஒரகடம் பகுதியில், ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



உங்களில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். பி.எட். முடித்துவிட்டு அசெம்பிளி லைனில் நிற்பவர்களும், வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். தூக்கத்தை விட்டுக்கொடுத்து வந்தவர்களிடம் நீட்டி முழக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

'அழுகிய முட்டையின் மணம் கொண்ட வாயு எது?' நான்கு விடைகள். அம்மோனியா, குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு, நைட்ரஜன்.

எல்லோரும் 'சி' என்கிறீர்கள். சரி, ஒரு மதிப்பெண். இரண்டாம் தாளில் அறிவியலுக்கு 30 மதிப்பெண் என்றால், அதில் ஒன்று கையில். கைடில் இதற்கு மேல் ஒரு வரிகூட இருக்காது. அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். இன்றைக்கு மட்டும் போக வேண்டாம்.

நான் இந்தத் தாலுகாவின் ஒரு காலனியில் வளர்ந்தவன். ஏழாம் வகுப்பில் ஆசிரியர் இதே வாயுவைப் பற்றி நடத்தினார். அழுகிய முட்டை நாற்றம் என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "இவங்க தெருவுல அடிக்கிற நாத்தம் சார்" என்று என்னைக் காட்டினான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதற்குப் பிறகு எந்தத் தேர்விலும் இந்தக் கேள்வியை நான் தவறவிட்டதில்லை. ஆனால் அந்த வகுப்பில் அந்த ஆண்டு முழுக்க நான் கை தூக்கவில்லை.

அப்போது என் சித்தப்பா கழிவுநீர் லாரியில் ஹெல்பராக இருந்தார். குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் இறங்குவது அவர் வேலை. ஒருநாள் அவரிடம் கேட்டேன், "நாத்தம் அடிக்காதா சித்தப்பா?" அவர் சொன்னார், "மொதல்ல அடிக்கும்டா. கொஞ்ச நேரத்துல அடிக்காது. பழகிடும்."

பழகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும்போது நூலகத்தில் ஒரு பக்கத்தைப் படித்த அன்றுதான் கை நடுங்கியது. அது பழக்கம் இல்லை, தோழர்களே. மூக்கு செத்துப்போவது.

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இந்த வாயு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் முகரும் உணர்வு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிடும், வாயு நிற்காது. உள்ளே இருப்பவருக்கு 'இனி பரவாயில்லை' என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து கூடும் நேரம். 1000 பங்கை நெருங்கினால், ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். 1000 பங்கு என்றால் நூற்றில் பத்தில் ஒரு பங்குதான்.

என் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். அது அவருடைய அதிர்ஷ்டம். அவரை இறக்கியவர்களின் அக்கறையால் அவர் பிழைக்கவில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம். இந்த ஒரு தொட்டிக்குள் உங்கள் பாடத்திட்டத்தின் நான்கு பாடங்கள் இருக்கின்றன.

முதல் பாடம், நுண்ணுயிரிகள். மூடிய தொட்டியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே காற்றில்லாச் சுவாசம் செய்யும் பாக்டீரியாக்கள் பெருகும். ஒரு வகை மீத்தேனை உண்டாக்கும். இன்னொரு வகை, கழிவிலுள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். இந்த வாயு சேற்றுக்குள்ளும் நீருக்குள்ளும் கரைந்து அடங்கியிருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழியை விட்டுக் கிளறினாலோ காலை வைத்தாலோ மொத்தமாகக் கிளம்பும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பதைப் போல.

இரண்டாம் பாடம், மூலக்கூறு நிறை. ஹைட்ரஜன் 1, சல்பர் 32. ஆக இந்த வாயுவின் நிறை 34. காற்றின் சராசரி நிறை சுமார் 29. கார்பன் டை ஆக்சைடு 44. இரண்டும் காற்றைவிடக் கனமானவை, அடியில் தங்கும். மீத்தேன் 16தான், அது மேலே ஏறும். மூடியைத் திறந்து அரைமணி நேரம் விட்டால் எல்லா வாயுவும் போய்விடும் என்று நம் ஊர்களில் நம்புகிறார்கள். மேலே உள்ளது போகலாம். அடியில் உள்ளது அங்கேயே இருக்கும். கூட்டல் கணக்கு தெரிந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இதைப் புரிந்துகொள்ளும்.

மூன்றாம் பாடம், எரிதல். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. கிணற்றில் ஆக்சிஜன் குறைவை அது காட்டும், உண்மைதான். ஆனால் ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதோடு, மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு இருந்தால் நெருப்புப் பட்டதும் வெடிக்கும். கிணற்றுக்கான சோதனை செப்டிக் டேங்குக்கு ஆகாது.

நான்காம் பாடம், செல்லின் சுவாசம். 'செல்லின் ஆற்றல் நிலையம் எது?' மைட்டோகாண்ட்ரியா. அதுவும் ஒரு மதிப்பெண். அந்த ஆற்றல் நிலையத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் ஒரு நொதி இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சயனைடு தாக்குவதும் அதே இடத்தைத்தான். நுரையீரலில் காற்று இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் செல் அதைப் பயன்படுத்த முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாம் என்று இறங்குபவர் ஏன் திரும்புவதில்லை என்பதற்கு இதுதான் பதில். ஆளைத் தூக்குகிற சிரமத்தில் ஒரு மூச்சு இழுத்தே ஆக வேண்டும். அந்த ஒரு மூச்சு போதும்.

இதையெல்லாம் ஏன் இந்த ஊரில் வந்து சொல்கிறேன்? 2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒரே தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைக் காப்பாற்றப் போனவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். 2021 பிப்ரவரியில் காட்ரம்பாக்கத்தில், ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் தொட்டியில் மூன்று பேர். இரண்டும் இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை 2006-இல் வந்து 2014-இல் மூடப்பட்டது. அதன் பின் எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. வேலைக்கு வந்தவர்களுக்காக ஊருக்கு ஊர் வரிசை வீடுகளும் விடுதிகளும் கேன்டீன்களும் எழுந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் அத்தனைக்கும் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. காரின் கதவை ரோபோ பொருத்துகிற இந்தச் சாலையில், தொட்டிக்குள் மனிதன் இறங்குகிறான்.

வாயு சாதி பார்ப்பதில்லை. நெமிலியில் காப்பாற்றப் போனவர்களை அது என்ன சாதி என்று கேட்கவில்லை. ஆனால் தொட்டி நிரம்பினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்றும் தெரியும். அதைச் சாதிதான் முடிவு செய்கிறது.

நான் இப்போது ஆய்வு செய்யும் கூடத்தில் இதே வாயுவைப் பயன்படுத்துகிறோம். புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். தனியாக வேலை செய்ய அனுமதி இல்லை. காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு வந்தாலே சுவரிலுள்ள கருவி அலறும். அதே வாயுவுக்கு என் சித்தப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு, இடுப்பில் ஒரு கயிறு. சில நாட்கள் இறங்குமுன் ஒரு குவார்ட்டர்.

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை வேலைக்கு வைப்பதையே தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறையோ, 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடு மரணத்துக்குப் பிறகு வருவது. வகுப்பறை மரணத்துக்கு முன்னால் வருவது. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

தகுதி பற்றியும் ஒரு வார்த்தை. 2012 ஜூலையில் நம் மாநிலத்தில் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 'ஆசிரியர்களின் லட்சணத்தைப் பாருங்கள்' என்று பேசினார்கள். 150 கேள்விக்கு அன்று கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். தேர்ச்சி பல மடங்கு கூடியது. மூன்று மாதத்தில் லட்சக்கணக்கானவர்களின் அறிவு பெருகிவிட்டதா என்ன? இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு வேண்டுமென்று போராடி, 2014 பிப்ரவரியில்தான் 90 என்பது 82 ஆனது. அப்போதும் 'தரம் போச்சு' என்றார்கள். தரம் என்பது 82-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும் எட்டு மதிப்பெண் இல்லை. ஒரு பிள்ளையின் தெருவைக் காட்டி வகுப்பு சிரிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது தரம். என் ஆசிரியர் பட்டத்திலும் மதிப்பெண்ணிலும் குறைந்தவர் இல்லை.

அதற்காகத் தேர்வை அலட்சியம் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. தேர்ச்சி பெறுங்கள். கட்டாயம் பெறுங்கள். நீங்கள் உள்ளே போகாவிட்டால் அந்த நாற்காலியில் சிரிக்கிறவர்தான் உட்காருவார். படிக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு ஒரு மதிப்பெண் கேள்விக்கும், 'இது எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். பாக்டீரியாவும் உணவு கெடுதலும் படிக்கும்போது, 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, இந்த நெடுஞ்சாலையை மறித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரோடு சேர்த்துப் படித்தது மறக்காது. விடையை மாற்றிப் போட்டுக் குழப்பினாலும் தப்பாது.

1930-களிலேயே சிங்காரவேலர் குடிஅரசில் அறிவியல் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதினார். மூடநம்பிக்கையை எதிர்ப்பவர்களுக்கு அறிவியல் ஏன் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தொட்டியில் ஆள் செத்தால், 'விஷவாயு தாக்கியது' என்று செய்தியில் எழுதிவிடுகிறார்கள். ஏதோ காத்து கருப்பு அடித்தது போல. அந்த வாயுவுக்குப் பெயர் உண்டு, நிறை உண்டு, அளக்கும் கருவி உண்டு. ஆகவே தடுக்க முடியும். தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் ஆளை இறக்கினால் அதை விபத்து என்று சொல்லக் கூடாது. இந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுவருவது அறிவியல்.

முடிக்குமுன், நீங்கள் வகுப்பெடுக்கும் முதல் ஆண்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை. தொட்டிக்குள் யாராவது விழுந்தால், அது அப்பாவாக இருந்தாலும், பின்னால் இறங்காதே. தலையை உள்ளே நீட்டி எட்டிப் பார்க்காதே. கத்தி ஆட்களைக் கூப்பிடு. 112-க்கும் 108-க்கும் போன் செய். காற்றுக் கலனோடு தீயணைப்பு வீரர்கள் வரட்டும். நாற்றம் நின்றுவிட்டால் பத்திரம் என்று நினைக்காதே. யாராவது உன் வீட்டாரை இறங்கச் சொன்னால், அது சட்டப்படி குற்றம் என்று சொல்.

இதை எனக்கு ஏழாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால், அன்று ராத்திரியே சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவர் அதற்குப் பிறகு எட்டு வருடம் இறங்கினார்.

உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை கடைசி வரிசையில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். யாரும் சிரிப்பதற்கு முன்னால் அடுத்த வரியைச் சொல்லிவிடுங்கள்: "இந்த நாற்றம் நின்றுபோனால்தான் ஆபத்து. ஏன் தெரியுமா?"